புகையான் தொடாத வயல்

“என்ன மருந்து அடிச்சிய அண்ணாச்சி? உள்ளதைச் சொல்லுங்க.”

சைக்கிளைக் கருவேல மரத்தில் சாய்த்துவிட்டுக் கேட்டார் காசிராஜன். சங்கரன்கோவில் விவசாய ஆபீஸிலிருந்து பயிர்ச்சேதம் பார்க்க வந்தவர். கரிவலம்வந்தநல்லூர் குளத்துப் பாசனத்தில் அந்தப் பிசானப் பருவத்து நெல் அத்தனையையும் புகையான் பூச்சி உறிஞ்சித் தீய்த்துவிட்டிருந்தது. மூக்காண்டியின் முக்கால் ஏக்கர் மட்டும் கரும்பச்சையாகக் கதிர் தள்ளி நின்றது.

“ஊரே அடிச்ச மருந்துதான் சார். அதே டின்னுதான் நானும் வாங்கினேன்” என்றார் மூக்காண்டி.

காசிராஜன் வயலில் இறங்கினார். ஒரு தூரை விலக்கிக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தாளுக்குத் தாள் சிலந்திகள்! பனி கோத்த வலைகள் தூருக்குத் தூர் தொங்கின. அவர் பார்க்கப் பார்க்கவே ஒன்று பாய்ந்து, ஒரு புகையானைக் கவ்வியது. பதினோரு வருஷ வேலையில் இப்படியொரு வயலை அவர் கண்டதில்லை.

“குளத்தங்கரைப் புதர்லேருந்தும் வரப்புப் புல்லுலேருந்தும் வந்து குடியேறியிருக்கு” என்றார். “உங்க பயிரைக் காப்பாத்தினது இதுகதான். ஆனா அந்த மருந்து பட்டா புகையானுக்கு முந்திச் சாகுறது சிலந்திதான். மத்த வயல்ல அதான் நடந்திருக்கு. இங்கன மட்டும் எப்படிப் பிழைச்சுது?”

மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மூக்காண்டியின் மனைவி முப்பிடாதிதான் வாய் திறந்தாள்.

“அது மருந்தே இல்ல சார்.”

“ஏட்டி, என்ன சொல்லுத?”

“வாங்கியாந்த அன்னைக்கே குழி தோண்டி ஊத்திட்டேன். டின்னைக் கழுவிக் கஞ்சித்தண்ணிய நிரப்பி, வாடைக்கு ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன்.” மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். “போன வருசம் வெள்ளாமை பொய்ச்சதுலேருந்து இவுக மொகமே சரியில்ல. அந்த டின்னை வீட்டுல வச்சிக்கிட்டு நான் எப்படிக் கண்ணடைக்க?”

காசிராஜன் சேற்றில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூக்காண்டி ஈர வரப்பென்றும் பாராமல் உட்கார்ந்தார்.

“வயலுக்கு அடிச்சது பாதிதான், முப்பிடாதி. மிச்சத்தைக் குடிச்சிட்டு, சாவு வரும்னு இந்த வரப்புலதான் படுத்துக் கிடந்தேன்.”