கொடியில் காய்ந்த வெயில்

பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாய்தான் தண்டனைக் கண்ணாடியைப் பூட்ட வேண்டும் என்பது அந்தக் கோர்ட்டின் வழக்கம். பள்ளித் தாளாளர் வில்வநாதனின் முகத்தில் அதைப் பூட்ட பிலோமினா வந்திருந்தாள்.

கிட்டப்பார்வை வராமலிருக்கப் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை அளக்க ஒவ்வொரு சட்டையிலும் ஒரு வெயில் பேட்ஜ் இருக்கும். வில்வநாதன் பேட்ஜ்களை மட்டும் கழற்றி மொட்டைமாடிக் கொடியில் மாட்டச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை அறைக்குள் அடைத்து நுழைவுத்தேர்வுக்குப் படிக்க வைத்தார். ஒரு சனிக்கிழமை அவற்றை எடுக்க மறந்துவிட்டார்கள். விடுமுறை ஞாயிறு முழுக்கப் பள்ளியே வெயிலில் நின்றதாகப் பதிவாக, வசமாக மாட்டிக்கொண்டார்.

அதற்குள் பிலோமினாவின் மகள் ஜெனிட்டாவுக்குக் கிட்டப்பார்வை முற்றி, விழித்திரை விலகி, ஒரு கண் போயிருந்தது.

மகளின் மிச்சமிருந்த கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அந்த அளவையே பிலோமினா கண்ணாடியில் வைத்து வில்வநாதனுக்கு மாட்டினாள். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாமே கலங்கிப்போனது.

"அம்மா, நாளைக்கு எம்பொண்ணு மேடையில டாக்டர் பட்டம் வாங்குறா. அத மட்டும் கண்ணால பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் பூட்டுங்க."

"போர்டு தெரியலன்னு எம்பொண்ணு அழுதப்ப உங்ககிட்டதான் சார் வந்து நின்னேன். அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

அவள் பூட்டை அழுத்தினாள்.

"முன்பெஞ்சுல போய் உக்காரச் சொன்னீங்க. நீங்களும் போய் உக்காருங்க."