புட்டிப்பால் வேண்டாத குட்டி

உண்ணிக் காலத்தில், ஆஸ்திரேலியாவில் எங்கள் குவீன்ஸ்லாந்து மேட்டுநிலத்தில், நானும் என் தோழி பெவ்வும் விழுந்த வௌவால்களைத் தேடி தினமும் காலையில் வௌவால் மரங்களுக்குக் கீழே நடப்போம். உண்ணி கடித்தால் உடம்பு மரத்துப்போய் வௌவால் தரையில் விழுந்துவிடும். திங்கட்கிழமை கிடைத்த தாய் செத்திருந்தது. குட்டி அதன் முலையைக் கவ்வியபடி உயிரோடு இருந்தது. கையுறை போட்டுப் பிரித்தெடுத்தேன். தாயைப் பையில் கட்டி, ஆய்வகத்துக்கு அனுப்புவதற்காக என் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன்.

குட்டி புட்டிப்பாலுக்கு வாயே திறக்கவில்லை. அன்று அதன் எடை எண்பது கிராம். புதன்கிழமை எண்பத்தேழு இருந்தது.

"தூக்கக் கலக்கத்துல நீயே ஊட்டிட்டு மறந்திருப்ப. காரை எங்க நிறுத்துனேன்னு என்னைக் கேட்டவதானே நீ?" என்றாள் பெவ்.

"புட்டியில பால் அப்படியே இருக்குடி."

"அப்ப உன் தராசு கெட்டுப்போச்சு."

மறுநாள் அவளுடைய தராசைக் கொண்டுவந்தாள். தொண்ணூறு காட்டியது. அப்புறம் அவள் கேலி பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்து வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. ஃப்ரீசரைத் திறந்து பையை அவிழ்த்தேன். தாய் பனி மூடிக் கல்லாகக் கிடந்தது. இடது சிறகுக்கு அடியில், முலையைச் சுற்றி மட்டும், மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. விரல் வைத்தேன். கையுறையைத் தாண்டி வெதுவெதுப்பு தெரிந்தது.

பையைக் கட்டித் திரும்ப உள்ளே வைத்தேன்.

"கொண்டுபோக ஏதாச்சும் இருக்காம்மா?" என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

"இந்த வாரம் எதுவும் சாகலப்பா" என்றேன்.