கசக்காத பாகற்காய்

உழவர் சந்தையில் விற்காமல் மீந்த காய்களை மாநகராட்சியின் ஆளில்லா வண்டி வீடுவீடாகக் கொடுத்துவந்தது. பையை நீட்டும்போது விளைவித்தவர் பெயரையும் அது சொல்லும்.

அண்ணன் வெள்ளியங்கிரியின் பெயருக்காகவே பூங்கோதை தினமும் வாசலில் நிற்பாள். அவள் சாதி மாறிக் கல்யாணம் செய்ததிலிருந்து, பன்னிரண்டு வருடமாக அவர் பேசுவதில்லை. அவர் காய் விற்காமல் போனால்தான் அவளுக்கு வரும். அதற்கு ஏங்குவது அவளுக்கே பாவமாகப் பட்டது.

ஒரு முகூர்த்த நாளில் காயெல்லாம் விற்றுச் சந்தையே காலியாகிவிட்டது. ஆனாலும் வண்டி பாகற்காய்ப் பையை நீட்டி, "வெள்ளியங்கிரி" என்றது.

"இன்னைக்குக்கூடவா அண்ணனுக்கு விக்கல?"

"விக்கவே வெக்கலீங்க. உங்க வீட்டுக்குன்னு காலையிலயே எடுத்து வெச்சுட்டாருங்க. அவருக்கு ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது.

"கசக்கவே இல்லைன்னு சொல்லு" என்றாள், பையை இன்னும் பிரிக்காமலே.