குமிழி விழுந்த பிளேட்

“ஜெல்லுல குமிழி இருக்காம்மா. மறுபடியும் புகார் வந்திருக்கு. ஒரு பெட்டி மாத்திக் கொடுத்துடுங்க” என்றார் முதலாளி.

எந்த ஆஸ்பத்திரி என்று ஜெல் அக்கா கேட்கவில்லை. கேட்பானேன்? மற்ற ஆய்வகமெல்லாம் வாய் திறக்காமல் வாங்கும்போது, மாதம் தவறாமல் குறை சொல்வது அந்த ஓர் ஆஸ்பத்திரிதான்.

ரத்தப் பரிசோதனைக்கான ஜெல் பிளேட் செய்யும் கம்பெனி அது. மெல்லிய ஜெல்லில் ஒரு சொட்டு வைத்து மின்சாரம் விட்டால், ரத்தத்திலுள்ள புரதங்கள் பட்டை பட்டையாகப் பிரியும். உடம்பில் பெரிய கோளாறு ஏதாவது இருந்தால், டாக்டருக்கு அந்தப் பட்டைகளே சொல்லிவிடும்.

ஜெல் ஊற்றும் அறைக்கு அக்காதான் பொறுப்பு. ஊற்றி ஊற்றித் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது. வீட்டில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால்கூடக் குமிழி இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

இப்போது கம்பெனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஒரு கார் ஷெட்டில் முதலாளி ஆரம்பித்த காலத்திலிருந்து எல்லாம் வரப்போகிறது. ஜெல் அறைக்கும் ஒரு பக்கம் உண்டு. ‘எங்கள் பிளேட்டில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை’ என்று, அந்த ஓர் ஆஸ்பத்திரியைக் கணக்கில் சேர்க்காமல், அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். முதலாளி அந்த வரியை அடித்துவிட்டார்.

“ஏன் சார்?”

“அதான் புகார் வருதேம்மா. வரலாறுன்னா உள்ளதைத்தானே எழுதணும்?”

அக்காவுக்கு அழுகையே வந்தது. ஓடாய்த் தேய்ந்ததற்கு இந்தக் கெட்ட பெயர்தான் மிச்சமா?

“நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன் சார்.”

“போயிட்டு வாங்க” என்றார் அவர், நிமிராமலே.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது ஆய்வகம். டெக்னீஷியன் அப்போதுதான் ஒரு பிளேட்டை விளக்குப் பெட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தார். ஜெல் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். ஓரத்து எண்ணைப் பார்த்தால், குமிழி என்று புகார் சொன்ன அதே பெட்டியின் பிளேட். பட்டைகள் கோடு போட்டதுபோல விழுந்திருந்தன.

“இதுல குமிழி எங்க சார்?”

டெக்னீஷியன் அவளையும் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்லைம்மா.”

“அப்புறம் ஏன் சார் எங்க வயித்துல அடிக்கறீங்க?”

அவர் முகவாயால் வெளியே காட்டினார். பெஞ்சில் ஒரு பெண், கணவனின் தோளில் சாய்ந்து அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணோட வீட்டுக்காரருக்குத்தான் இந்த டெஸ்ட். அவங்களால கட்ட முடியாது. நல்ல பிளேட்ல போட்டா நான் பில் போட்டாகணும். கெட்டுப்போன பிளேட்டுக்குத்தான் இங்க பில் கிடையாது. அதான் குமிழின்னு எழுதிடறேன்.”

“எங்க முதலாளிகிட்ட சும்மா கேட்டாலே கொடுப்பாரே.”

“கொடுப்பார். எங்க ஆபீஸ்ல வாங்கி வெச்சுக்கிட்டு அதுக்கும் பில் போடச் சொல்லுவாங்க.”

அக்கா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரொம்பக் களைப்பாக இருந்தது.

“ஒரு பெட்டி போதுதா?” என்று கேட்டாள்.

“எங்கம்மா போதுது?”

திரும்பி வந்தபோது முதலாளி புத்தகத்தின் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். குமிழிதான். என் தப்புதான். இனிமே ரெண்டு பெட்டியா மாத்திக் கொடுத்துடலாம்.” பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவள் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். “நீங்க அந்த வரியை அடிச்சது சரிதான்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“உங்களுக்கு முன்னாடி அந்த அறையைப் பார்த்துக்கிட்டவரும் இப்படித்தான் கோபமா போயிட்டு, குமிழின்னு சொல்லிக்கிட்டு வந்து நின்னார். அவருக்கு முன்னாடி அங்க ஜெல் ஊத்தினதும், முதல் முதல்ல இல்லாத குமிழியை இருக்குன்னு சொன்னதும் நான்தாம்மா.”