பேர் போடாத கடிதம்

"எழுதினவன் யாரு? இப்பவே பேரைச் சொல்லு."

கேப்டன் தார்ப் கத்திய சத்தத்தில் அச்சகத்து ஜன்னல் அதிர்ந்தது. அவர் பின்னால் பாதி ஊர் நின்றது. எல்லார் தொப்பியிலும் ஜனாதிபதி கட்சியின் கறுப்பு ரிப்பன். கேப்டன் தொப்பியில் மட்டும் இரண்டு.

விஷயம் இதுதான். அந்த வாரம் எங்கள் பத்திரிகையில் 'ஓர் உழவன்' என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. விவசாயி மகனாகப் பிறந்தவர், வக்கீலாகி வளர்ந்தவர், ராஜாவை எதிர்த்து எழுந்தவர், நாட்டுக்காகக் கடல் கடந்து தூது போனவர், ஜனாதிபதி ஆனதும் தானே ராஜாவாகப் பார்க்கிறார் என்று வெளுத்து வாங்கியிருந்தது.

கடலுக்கு அப்பாலிருந்து எங்களை ஆண்ட ராஜாவைச் சண்டை போட்டு விரட்டி இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஜனாதிபதியைத் தூற்றினால் ஜெயில் என்று சட்டம். எழுதினவனுக்கும் ஜெயில், அச்சடித்தவருக்கும் ஜெயில். இதற்காகவா துப்பாக்கி தூக்கினோம்?

பத்திரிகை ஹல்டா அம்மாவுடையது. புருஷன் போன பிறகு தனியாக நடத்துகிறார். நான் பதினோரு வருஷமாக அவரிடம் அச்சுக் கோக்கிறேன். அந்தக் கடிதத்தை அவர் வாசிக்க வாசிக்கத்தான் கோத்தேன். தாளை என் கண்ணில்கூடக் காட்டவில்லை.

கைது செய்ய பாஸ்டனிலிருந்து வந்த மார்ஷல், ஊர்க்காரர்களைவிட நல்ல மனிதர்.

"இந்தப் பனியில ஜெயிலுக்குப் போனா உங்க இருமலுக்குத் தாங்காதும்மா. அந்தக் கடிதத்தைக் குடுங்க. கையெழுத்தை வச்சு ஆளைப் புடிச்சுக்கறேன். உங்கள விட்டுடச் சொல்லி நீதிபதிகிட்ட நானே பேசறேன்."

அம்மா அங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒரு தடவை பார்த்தார். மார்ஷல் கை நீட்டுவதற்குள் அடுப்பில் போட்டுவிட்டார்.

"பேர் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டான். சரின்னு வாக்குக் குடுத்தேன். அவ்வளவுதான்."

கூட்டம் கொதித்தது.

"சாட்சியையே எரிக்கறா பாருங்க" என்று கத்தினார் கேப்டன். "என்ன திமிரு. அந்தக் கோழைப் பயலுக்கும் இவளுக்கும் என்ன உறவோ, யார் கண்டது?"

சிலர் சிரித்தார்கள்.

"வாயை அடக்குங்க கேப்டன்" என்றேன். நாலு பேர் என்னைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள்.

கேப்டன் தன் கையாலேயே எழுத்துப் பெட்டிகளை இழுத்துக் கவிழ்த்தார். ஆயிரக்கணக்கான ஈய எழுத்துகள் தரையெங்கும் சிதறின. அதன் மேல் நடந்துதான் எல்லோரும் வெளியே போனார்கள்.

அம்மா வாசலில் நின்று இருமினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுப்பை அணைய விடாதே அமோஸ். மை உறைஞ்சுடும்."

அம்மாவை ஏற்றிக்கொண்டு மார்ஷலின் வண்டி போய்விட்டது. நான் மண்டிபோட்டு எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். பொறுக்கப் பொறுக்க ஆத்திரம்தான் ஏறியது. கேப்டன் மேல் ஆத்திரம். அதைவிட, ஒரு பொம்பளையை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு எங்கோ சூடாகக் குளிர்காய்ந்துகொண்டிருக்கும் அந்த உழவன் மேல் ஆத்திரம். அவன் மட்டும் கையில் கிடைத்தால் பல்லைத் தட்டிவிடுவேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

மத்தியானம் கதவு திறந்தது. கேப்டன் தார்ப். தனியாக வந்திருந்தார்.

நான் மரச்சுத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "இன்னும் எதை உடைக்கணும்?"

அவர் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். கோட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏழை விதவையை ஜெயில்ல தள்ளின அக்கிரமத்தைப் பத்தி எழுதியிருக்கேன். நல்லா உறைக்கிற மாதிரி வந்திருக்கு. இந்த வாரமே போட்டுடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களா?"

"ஹல்டா உங்கிட்ட சொல்லியிருப்பாளே" என்று குரலைத் தாழ்த்தினார். "பட்டாளத்துக்கு உப்புக்கறி சப்ளை பண்றவன் நான். வெளிய தெரிஞ்சா பொழப்பு போயிடும். போன தடவை மாதிரியே என் பேரை மட்டும் போட்டுடாதே."