படம் எடுக்க வராதவள்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. அதிகம் படித்தவள் இல்லை. ஒரு வார்த்தை கூடக்குறையச் சொல்லி, யாருக்காவது வம்பாகிவிடக் கூடாது. பெயர்களை மாற்றிவிட்டேன். எங்கள் மலையூர் எது என்றும் கேட்காதீர்கள்.

அன்று காவல் நிலையத்து வேன் கேமராவோடு வந்திருந்தது. வருடம் முடிந்தால் பழைய அடையாள அட்டை செல்லாது. இன்னும் மாற்றாதவர்கள் எல்லோரும் சில்லு வைத்த புது அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டை கூடாது என்றார்கள். அதனால் பான் அக்காவின் கறுப்புக் கோட்டு வரிசையில் ஒவ்வொரு தோளாக ஏறி இறங்கியது.

"பட்டனைப் பிச்சிடாதீங்கடி! இந்தக் கோட்டு எனக்கு வாழ்க்கைப்பட்டுதா, ஊருக்கா?" என்று கத்தினாள் பான் அக்கா.

என் நாத்தனார் மெய்ரோங்கை மட்டும் காணோம்.

அவள் படம் எடுத்தே ஆக வேண்டும். வசந்த விழா, எங்கள் சீனப் புத்தாண்டு, முடிந்ததும் தோங்குவான் நகரத்தில் என் மகன் ஹைபோவுக்குக் கல்யாணம். இப்போதெல்லாம் அட்டை இல்லாமல் ரயில் டிக்கெட் கிடையாது. நானும் என் கணவரும் நகரத்துக்கு வேலைக்குப் போனபோது, மூன்று வயதுப் பிள்ளையை வாங்கி வளர்த்தவள் மெய்ரோங்தான். "அத்தை கையில தேநீர் கொடுத்து ஆசி வாங்காம எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா" என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தான்.

தேடிப் போனேன். பன்றிக் கொட்டகையில் தீவனம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு மெய்ரோங். வேன் போயிடும்."

"எனக்கு எதுக்கு அண்ணி அட்டை? பன்னியா கேக்குது?"

"ரயில்காரன் கேக்குறான்!"

"அப்போ நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

விடுவேனா? கையைப் பிடித்து வரிசைவரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன, நம்ம பட்டத்து ராணிக்குக் கேமரான்னா கூச்சமா?" என்றாள் பான் அக்கா.

"நகரத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போக மனசு வரல போல" என்றது இன்னொரு குரல்.

"யாரும்மா அடுத்து? அட்டை எண்ணைச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்க்கணும்" என்றார் வேனில் இருந்த போலீஸ்காரர்.

மெய்ரோங் கையை உதறிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே போய்க் கொட்டகை வாசலில் மறித்து நின்றேன். "உனக்கு என் பையன் மேல பாசமே கிடையாது. எல்லாம் இத்தனை வருஷம் வேஷம். அப்படித்தானே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, என் எண்ணைத் தட்டினா அந்தக் கம்ப்யூட்டர்ல ஷுவாங் முகம் வரும்."

ஷுவாங் அவளுடைய தங்கை, என் சின்ன நாத்தனார். கடலோர நகரத்தில் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள்.

"பதினஞ்சு வயசுல அவ வேலைக்குப் போறப்ப என் அட்டையைத்தான் கொடுத்தனுப்பினேன். பழைய அட்டையில படம் எந்த லட்சணத்துல இருக்கும்? கண்ணும் மூக்கும் இருந்தாப் போதும், யார் வேணா காட்டலாம். புது அட்டை வந்தப்ப, என் பேர்லயே போய் அவ முகத்தைப் படம் எடுத்துக்கன்னு நான்தான் சொன்னேன்."

"அவ பேர்லயே ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"அவ பொறந்ததே அரசாங்கம் அனுமதிச்ச பிள்ளைக் கணக்குக்கு மேல. அப்பாவால அபராதம் கட்ட முடியல, அவ பேரு எந்தப் பதிவுலயும் ஏறல. வீட்டுல பொண்ணுங்க ரெண்டு, எண் ஒண்ணு. இன்னைக்கு நான் போய் நின்னா அவ வேலை போயிடும். இத்தனை வருஷமா கட்டுற ஓய்வூதியமும் போயிடும். நான் பன்னி மேய்க்குறவ. எனக்கு எதுக்கு?"

எனக்குச் சட்டென்று அந்தத் தச்சர் ஞாபகம் வந்தது. இவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு முறை வந்து கேட்ட நல்ல மனிதர். இவள் மாட்டேன் என்றபோது ஊரே திமிர் பிடித்தவள் என்றது. கல்யாணத்தைப் பதியப் போனாலும் அட்டை கேட்பார்கள்.

"அந்தத் தச்சர்... அதுவும் இதனாலதானா மெய்ரோங்?"

"தீவனம் அடிப்பிடிக்குது அண்ணி. நகருங்க" என்றாள்.

நகர்ந்தேன்.

மறுநாள் ஹைபோவுக்குப் போன் போட்டேன்.

"கல்யாணத்தை நம்ம ஊர்லயே வச்சுக்கலாம்டா. எல்லாரும் இங்க வந்துடுங்க."

"என்னம்மா விளையாடறியா? இங்க ஓட்டல்ல எல்லாம் பேசியாச்சு!"

"மாத்திப் பேசு. எனக்கு ரயில்னா பயமா இருக்கு."

"கக்கூஸ் வாசல்ல நின்னுக்கிட்டே ரெண்டு நாள் பிரயாணம் பண்ணின நீயா?"

"அப்போ வயசு இருந்துது. இப்போ ஏறினா செத்துடுவேன்னு தோணுது. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவன் கேட்ட எதற்கும் நான் அசைந்து கொடுக்கவில்லை.

கல்யாணம் ஊருக்கு மாறிய விஷயம் பரவ ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கிணற்றடியில் பான் அக்கா எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னாள்: "இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளி உண்டா! பெத்த பையனோட ஓட்டல் கல்யாணத்தையே கெடுத்துட்டாளே!"

பக்கத்தில் நின்ற மெய்ரோங் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை நன்றாக அழுத்தி மிதித்தேன்.

"ஆமா அக்கா, நான் பயந்தாங்கொள்ளிதான். என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று பான் அக்காவைவிடச் சத்தமாகச் சொன்னேன்.