பச்சை வாளி

எத்திராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாதாளச் சாக்கடை வேலைக்குக் கிளம்பினான். மனைவி கஸ்தூரி வாசலை மறித்தாள்.

“இன்னாய்யா, கல்யாணத்துக்கா போற?”

“இனிமே குழிக்குள்ள மெஷின்தான் எறங்கும். நான் மேல நின்னு பட்டன அமுக்கினா போதும்.”

அவள் நம்பவில்லை. ஐந்து நிமிட வேலை என்று சொல்லித்தான் அவளுடைய தம்பியையும் இறக்கினார்கள். அவன் ஏறி வரவேயில்லை.

சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் வைத்தாள். பக்கத்தில் பச்சை வாளி. கல்யாணமான நாளிலிருந்து அவன் துணி மட்டும் ஊறும் வாளி அது. மகள் தெரியாமல் தொட்டால்கூடச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வாள்.

எத்திராஜ் வந்தான். பழக்கதோஷத்தில் பின்பக்கமாகவே வந்து, சட்டையைக் கழற்றி நீட்டினான். கஸ்தூரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டாவது பொத்தானுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை. அவள் முகம் செத்துப்போனது.

“எறங்குனியா?”

“இல்லடி. மோந்து பாரு.”

இத்தனை வருடமும் மூச்சை அடக்கிக்கொண்டே அவன் துணியைத் துவைத்தவள், முதல் முறையாக அவன் சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். ஏலக்காய் டீ. சந்தேகம் தீர்ந்த பிறகும் இன்னொரு முறை மோந்தாள்.

பிறகு பச்சை வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு, மகளின் பள்ளிக்கூடச் சட்டை ஊறிக்கொண்டிருந்த வாளிக்குள் அதைப் போட்டு அமுக்கினாள்.

எத்திராஜ் பதறினான். “ஏய், பாப்பா சட்டைல கறை ஒட்டிக்கப் போவுது.”

“ஒட்டட்டும்” என்றாள் கஸ்தூரி.